தொகுத்தவர் அச்சிமுகம்மது

கல்முனைக் கடைத்தெருவில், துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே நெருக்குண்டு கிடந்தது அபுல் ஹஸன் ஹாஜியாரின் அச்சகம். எழுத்துக் கோக்கும் வேலைக்கு அச்சிமுகம்மதுவைப் பெயரைப் பார்த்தே எடுத்ததாக ஹாஜியார் எல்லோரிடமும் சொல்லுவார். அது உண்மையில்லை. அச்சிமுகம்மது என்பது அவனுடைய மூத்தவாப்பாவின் பெயர். அச்சுத் தொழிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஊர் அவனை ‘அச்சு முகம்மது’ என்றே கூப்பிட்டது. சில வருடங்கள் திருத்திப் பார்த்தான். பிறகு வாய் வலித்து விட்டுவிட்டான்.

அவன் தன்னைக் கவிஞன் என்று நம்பினான். யாப்பு நூல் ஒன்றைக் கரைத்துக் குடித்திருந்தான். விருத்தம் தளை தட்டாமல் வரும். கொழும்பில் வெளிவந்த ஒரு மாத சஞ்சிகைக்குப் பதினொரு தடவை கவிதை அனுப்பினான். பதினொரு தடவையும் பதில் இல்லை. வானொலிக்கு மெல்லிசைப் பாடல்கள் அனுப்பினான். ஒரேயொரு தபாலட்டை வந்தது. ‘பொருத்தமற்றது’ என்று ஒற்றைச் சொல். எது பொருத்தமில்லை, எதற்குப் பொருத்தமில்லை என்று கேட்டு அவன் எழுதிய கடிதத்துக்கு அந்த ஒற்றைச் சொல்கூட வரவில்லை.

ஊரில் மட்டும் அவனுடைய கவிதைகளுக்குக் குறையில்லாமல் ஆள் இருந்தது. முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் என்றால் வாழ்த்துமடல் எழுத வேண்டும். காரைதீவு, பாண்டிருப்புத் தமிழ் வீடுகளில் யாராவது இறந்துபோனால், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்க இரங்கற்பா எழுத வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் புதிதாகத்தான் எழுதினான். நாலைந்து வருடத்தில் அது நின்றுபோனது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இளவயதில் போனவருக்கு ஒன்று என்று மூன்று இரங்கற்பாக்களைக் கோத்து, ஈய எழுத்துகள் கலையாமல் நூலால் இறுகக் கட்டி, ஜன்னலோரப் பலகையில் வைத்துவிட்டான். ஆள் வந்தால் கட்டை எடுத்து, பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றுவான். ‘பாசத்தின் உருவமாய்ப் பண்பிலே உயர்ந்துநின்று, நேசத்தால் எமைக்காத்த குலவிளக்கே அணைந்தாயோ’ என்று தொடங்கும் பெண்ணுக்கான பாட்டுக்குள், எழுபதுகளில் அந்தக் கரையில் செத்துப்போன எத்தனையோ தாய்மார் ஒருவர் பின் ஒருவராகப் புகுந்து வெளியேறினார்கள்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி அடித்தது. அச்சகத்தின் கூரை பறந்தது. எழுத்துப் பெட்டிகள் கவிழ்ந்து, நூல்கட்டெல்லாம் அறுந்து, மூன்று இரங்கற்பாக்களும் சேற்றோடு சேறாகிப் போயின. ஊரெங்கும் சாவு. மழைத்தண்ணீர் வற்றி ஒரு மாதமானபோது, நினைவுப் பாட்டுக் கேட்டு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். இனியாவது புதிதாக எழுதுவோம் என்று உட்கார்ந்தான் அச்சிமுகம்மது. தலை யோசித்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் எழுத்துகளைப் பொறுக்கியது. முடித்துவிட்டுப் பார்த்தால் அதே ‘பாசத்தின் உருவமாய்’. ஒரு கால்புள்ளி கூட மாறவில்லை. தன் கைமேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் வாசலிலேயே நின்று வாசித்து அழுதார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. மாதம் முடிவதற்குள் மூன்று கட்டுகளும் பழையபடி பலகைக்கு வந்துவிட்டன.

அவன் மனைவி ஸம்ஸியா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்முனைக்குடியில், கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அவளுடைய உம்மா சபியா உம்மாவும், அவர்களின் ஒரே மகள் றாஹிலாவும் கூட இருந்தார்கள். அச்சடித்த தாள்கள் மொத்தமாக வீட்டுக்கு வரும். அவற்றை மடித்து அடுக்குவது ஸம்ஸியாவின் வேலை. மடிக்கும்போதும், நெல் புடைக்கும்போதும் அவள் கவி பாடுவாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் பாடுகிற நாலு வரிக் கவிதான். சிலது கேட்டது, சிலது அப்போதே வாயில் வந்தது. அச்சிமுகம்மதுவுக்கு அது காதில் மணல் விழுந்ததுபோல இருக்கும். எதுகை இல்லை, சீர் கணக்கில்லை என்று குறுக்கிட்டுத் திருத்துவான். அவள் கைவேலையை விடாமல் கேட்டுவிட்டு, அவன் வெளியே போனதும் தொடர்ந்து பாடுவாள்.

சூறாவளி கொண்டுபோன ஓடுகளுக்குப் பதிலாகப் போட்ட தென்னங்கிடுகுக் கூரை மூன்று மாரியைத் தாங்கியது. நாலாவதில் வீடு முழுக்க ஒழுகியது. எண்பத்திரண்டில், அயலில் இருந்த மைமூனா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகப் பதிந்தபோது ஸம்ஸியாவும் கூடப் பதிந்தாள். அச்சிமுகம்மது வேண்டாம் என்றான். எதை வைத்து வேண்டாம் என்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. ஒழுகுகிற இடத்துக்கு நேரே சட்டியை நகர்த்தி வைத்தாள். போகும் நாளில் அவன் எட்டு வரியில் ஒரு பிரிவுப் பா எழுதி, நல்ல தாளில் அச்சடித்து, அவளுடைய பெட்டிக்குள் வைத்தான். ‘தனித்திருக்கும் பொழுதெல்லாம் இதைப் படி’ என்று சொன்னான். அவள் தலையாட்டினாள்.

எண்பத்துநாலு தை மாதம் சபியா உம்மா கண்ணை மூடி மௌத்தானார். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். குவைத்துக்குத் தந்தி அடித்தான். அது எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பிறகு அவன் எழுதிய கடிதம்தான் முதலில் கிடைத்தது. அதற்குள் இருபது நாள் கடந்திருந்தது. அவள் வேலைசெய்த வீட்டுக்காரர்கள் அவளை அனுப்பவில்லை.

மாமியார் அவனிடம் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியவரில்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டை அவனுக்கென்று எடுத்து வைப்பவர். அவருக்கு ஒன்று எழுத வேண்டும், அதுவும் நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்னால் எழுத வேண்டும் என்று அச்சிமுகம்மது பிடிவாதமாக இருந்தான். நம்முடைய வீடுகளில் இப்படிப் பாட்டு அடித்துக் கொடுக்கிற வழக்கம் இல்லையே என்று பள்ளிவாசலில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். அதை அவன் பொருட்படுத்தவில்லை. மூன்று நாள் அச்சகத்து முக்காலியில் தாளோடு உட்கார்ந்தான். எழுதினான், வெட்டினான். ஒவ்வொரு வரியும் எங்கேயோ ஏற்கனவே மடித்து அடுக்கிய வரியாக இருந்தது. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எழுந்து, பலகையில் இருந்த பெண்ணுக்கான கட்டை எடுத்து, பெயரை மாற்றினான். கத்தத்துக்கு வந்தவர்கள் வாசித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கிறாய் என்று தோளில் தட்டினார்கள். ஒரு தாளை ஸம்ஸியாவுக்கு அனுப்பினான்.

பதில் கடிதமாக வரவில்லை. வைகாசியில் மைமூனா லீவில் வந்தபோது, துணிக்குள் சுற்றிய ஒரு கசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸம்ஸியா முந்திய வருடம் அனுப்பியிருந்த கசெட் றேடியோவை றாஹிலா எடுத்து வைத்தாள். பின்னேர வெயில் முற்றத்தில் கிடந்தது. வாப்பாவும் மகளுமாக உட்கார்ந்து கேட்டார்கள்.

முதலில் சலாம் சொன்னாள். மகளைப் படிக்கச் சொன்னாள். வீட்டுக்காரர் எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள் என்றும், பெட்டியைச் சட்டி கழுவுகிற இடத்தில் வைத்துக் கதைப்பதாகவும் சொன்னாள். பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அவள் குரல் தணிந்தது.

“மச்சான், நீங்க அனுப்பின கடுதாசி கிடைச்சிச்சி. எத்தினையோ தரம் வாசிச்சுப் பார்த்துட்டன். அதில உம்மா இல்ல. அது பாண்டிருப்புப் பூமணி அம்மாக்கு அடிச்சது. நான்தானே மடிச்சன், எனக்குத் தெரியாதா. குலவிளக்கு எண்டு போட்டிரிக்கீங்க. உம்மாக்கு விளக்கு வெளிச்சமே ஆகாதே மச்சான். கண்ணால தண்ணி வடியும். திரியைக் குறைடி, திரியைக் குறைடி எண்டு நாளைக்கு எத்தினை தரம் சொல்லுவா.”

றாஹிலா வாப்பாவைப் பார்க்காமல் றேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கசெட்டில் அந்த இரைச்சலுக்கு மேலாக ஸம்ஸியா பாடத் தொடங்கினாள்.

இருபது நாள் கழிச்சி
எழுத்தில மௌத்தானீங்க
இருபது நாளும் நான்
இருக்கீங்க எண்டிருந்தேன்.

ஆணம் கொதிக்கிது
அடுப்படியில் நான் நிக்கேன்
ஆரூட்டுப் பசிக்கோ
அளந்தளந்து உப்பு வெச்சேன்.

முத்தத்து மண்ணில
முழங்காலை நீட்டிருந்து
வெத்திலை இடிச்ச சத்தம்
வெயிலுக்குள்ள கேக்குதும்மா.

சாகத்தான் போறம்
சட்டிபானை கழுவித்தான்
சாகணு மெண்டொரு
சட்டமோ மச்சானே.

இப்படி ஏழு கவி. கடைசிக் கவியின் கடைசி வரியை முடிக்காமல், கதவு திறந்த சத்தத்தோடு கசெட் நின்றது.

அச்சிமுகம்மதுவுக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, கோபம். மூன்றாவது கவியில் சீர் கூடுகிறது என்று மனம் ஒரு மூலையில் கணக்குப் போட்டது. அந்தக் கணக்குப் போட்ட மனத்தின்மேல் அடுத்த கோபம். இரண்டு வருடமாகத் தனியே கிடந்து, எவருடைய சட்டியையோ கழுவிக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருத்தி, ஆள் சாவது ஒருநாள் நமக்குத் தெரியவருவது இன்னொருநாள் என்பதை நாலே வரியில் சொல்லிவிட்டாள். பதினைந்து வருடமாகச் சாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவன் அவன். அவனுக்கு அது தட்டுப்படவேயில்லை. இன்னொரு தரம் போடவா வாப்பா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று எரிந்து விழுந்தான். அவள் எழுந்து போனதும் தானே போட்டுக் கேட்டான்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனதும், ஜன்னலோரம் இருந்த மூன்று கட்டுகளையும் நூலறுத்துப் பிரித்து, எழுத்துகளை அவற்றின் பெட்டிகளில் போட்டுவிட்டான். பின்நேரம் வந்து பார்த்த ஹாஜியார், பலகை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று கேட்டார். இனிமேல் ஆளுக்கு ஆள் புதிதாகத்தான் எழுதுவேன் என்றான். ஹாஜியார் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எழுது, ஆனால் ஆட்களைக் காக்க வைக்காதே என்றார்.

முதலில் வந்தவர் காரைதீவு இளையதம்பி. வயற்காரர். மனைவி செல்லத்தங்கம் இறந்து இரண்டு கிழமை. அச்சிமுகம்மது அவரை உட்காரச் சொல்லி, தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, மனைவி எப்படிப்பட்டவர், என்ன சொல்லுவார், எதற்குச் சிரிப்பார் என்று கேட்கத் தொடங்கினான். இளையதம்பிக்கு விளங்கவில்லை. இது எதற்கு என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். செல்லத்தங்கம் ஆடுகளை மனிதர்களை ஏசுவதுபோல ஏசுவாராம். ஊரில் யார் மேல் கோபம் வந்தாலும் அதையும் ஆட்டிடம்தான் சொல்லித் தீர்ப்பாராம். சொல்லும்போது இளையதம்பியின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அச்சிமுகம்மது இரண்டு நாள் இருந்து எழுதினான். அந்த வீட்டு முற்றத்தில் ஆடுகள் ஏச்சுக் கேட்க ஆளில்லாமல் நிற்பதைப் பற்றி எழுதினான். விருத்தம் இல்லை, வந்தபடி வந்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு நல்ல பாட்டு எழுதிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. இளையதம்பி மூத்த மகனோடு வந்து வாசித்தார். மகனின் முகம் கறுத்தது. இதைக் கொடுத்தால் சனம் சிரிக்கும் என்றான். இளையதம்பி தாளைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“தம்பி, நீங்க குறை நினைக்கப்படாது. இது எங்கட மனிசிதான், ஓம். ஆனா எல்லாருக்கும் அடிக்கிறத அவவுக்கும் அடிச்சுத் தாங்க. இல்லாட்டி அவவ மட்டும் குறைச்சுப் போட்டம் எண்டு கதைப்பாங்க.”

கெஞ்சிப் பார்த்தான். வாதாடிப் பார்த்தான். கடைசியில் முக்காலியில் உட்கார்ந்து, மனப்பாடமாக இருந்த ‘பாசத்தின் உருவமாய்’ பாட்டை எழுத்தெழுத்தாகத் திரும்பக் கோத்தான். ஒவ்வொரு ஈய எழுத்தையும் வைக்கும்போது ஆணி அறைவதுபோல வைத்தான். ஆனால் புறப்படும்போது இளையதம்பி, வேண்டாம் என்று சொன்ன தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதை அவன் கண்டான். அது அவனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பைக்குள் வைக்கத் தக்கதை ஏன் வெளியே காட்டக்கூடாது என்று அன்று முழுக்க றாஹிலாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆனி மாதம், ஸம்ஸியாவின் ஏழு கவிகளையும் கசெட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியெடுத்தான். பழக்கதோஷத்தில் இரண்டொரு இடத்தில் திருத்தினான். ‘எழுத்தில மௌத்தானீங்க’ என்பதை ‘ஏட்டினில் மறைந்தீரே’ என்று மாற்றிப் பார்த்தான். உடனே அதிலிருந்து மாமியார் எழுந்து போய்விட்டார், பூமணி அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார். அழித்துவிட்டு அவள் பாடியபடியே எழுதினான். கீழே ‘ஸம்ஸியா, குவைத்’ என்று போட்டு, தன் கவிதைகளுக்குப் பதினொரு தரம் பதில் எழுதாத அதே சஞ்சிகைக்கு அனுப்பினான். இவை தன் மனைவி அவளுடைய தாயின் மௌத்துக்குப் பாடியவை என்று ஒரு கடிதமும் வைத்தான்.

மார்கழி இதழில் அது வந்தது. பத்திரிகைக் கடைக்காரர்தான் முதலில் கண்டு, சைக்கிளில் அச்சகத்துக்கே கொண்டுவந்தார். முழுப் பக்கம். பூவேலை செய்த கட்டத்துக்குள் பெரிய எழுத்தில், ‘கிழக்கிலங்கை நாட்டார் பாடல்கள்’. அதன் கீழே, ‘தொகுத்தவர்: கவிஞர் அச்சிமுகம்மது’. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வழங்கிவரும் இவற்றை ஆக்கியோர் யார் என்பது அறியப்படவில்லை என்று ஆசிரியர் குறிப்பு வேறு. ஆறு கவிகள் இருந்தன. இருபது நாள் கவியைக் காணவில்லை. பொருள் தெளிவில்லை என்று விட்டுவிட்டார்களாம். அதுவும் குறிப்பில் இருந்தது.

ஹாஜியார் அந்தப் பக்கத்தை வெட்டி அச்சகச் சுவரில் ஒட்டினார். தேநீர்க்கடையில் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். முதல் தடவையாக ஊர் அவனைக் கவிஞர் என்று கூப்பிட்டது. இது நான் எழுதியதல்ல, பழைய பாட்டும் அல்ல, என் பெண்சாதி போன சித்திரை மாதம் பாடியது என்று அவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். அடக்கமாகப் பேசுகிறான் என்று அதற்கும் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் நின்று யோசித்து, பெண்கள் பாடினால் அது நாட்டார் பாட்டுத்தானே என்று கேட்டார். அச்சிமுகம்மது குடித்த தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

மாசி மாதம் அது பள்ளிக்கூடத்துக்குப் போனது. கலைவிழாவுக்கென்று ஆசிரியர் றவூப் பிள்ளைகளுக்கு அந்தக் கவிகளைப் பழக்கினார். றாஹிலா எழுந்து, சேர், இது எங்கட உம்மா பாடினது என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இருங்க, இது நம்ம எல்லாருடைய உம்மாமாரும் பாடினதுதான் என்றார் ஆசிரியர். அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அச்சிமுகம்மது றேடியோவையும் கசெட்டையும் தூக்கிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனான். றவூப் நல்ல மனிதர். கதிரை போட்டு உட்காரவைத்தார். கசெட்டைக் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். உம்மாவுக்கு விளக்கு ஆகாது என்பதையும், இருபது நாள் கவியையும், கதவு திறந்த சத்தத்தையும் எல்லாம் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன அருமையாப் பாடிரிக்காங்க. அவ்வளவு தூரத்துக்குப் போயும் நம்மட பழைய பாட்டை மறக்காம வெச்சிரிக்காங்களே.”

அச்சிமுகம்மது அவரையே பார்த்தான். பழைய பாட்டில் கடிதம் இருபது நாள் சுணங்கியது எப்படி வரும் என்று கேட்டான். றவூப் பொறுமையாக, சூழ்நிலைக்கு ஏற்பச் சொல் மாறுவது நாட்டார் பாடலின் இயல்பு என்று விளக்கினார். அச்சிமுகம்மது கசெட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு, றேடியோவைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

சஞ்சிகைக்குத் திருத்தம் கேட்டு எழுதினான். பதில் இல்லை. மறுபடி எழுதினான். அந்தச் சித்திரையில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் வந்தது. காரைதீவுப் பாதையில் போக்குவரத்து நின்றது. தபால் கிழமைக்கணக்கில் முடங்கியது. அச்சகம் பாதிநாள் பூட்டிக் கிடந்தது. இளையதம்பியும் மற்றவர்களும் அந்தப் பக்கமும் இவர்கள் இந்தப் பக்கமுமாக, செத்தவர்களுக்குப் பாட்டுக் கேட்டு வரக்கூட ஆளில்லாமல் போனது. அந்த வேளையில் ஒரு பெயருக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினான். விட்டால், அவள் பெயரை மறைத்தவர்களில் தானும் ஒருவன் ஆகிவிடுவோம் என்று பயந்தான்.

ஆவணி இதழின் கடைசிப் பக்கத்தில், சமையல் குறிப்புக்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டு வரி வந்தது. ‘பிழை திருத்தம்: மார்கழி இதழில் வெளியான நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர் திருமதி ஸம்ஸியா அச்சிமுகம்மது எனத் திருத்தி வாசிக்கவும்.’

அன்று அச்சிமுகம்மது வேலையை விட்டு இறங்கி, கடற்கரைக்குப் போய், யாரும் இல்லாத இடத்தில் நின்று கடலைப் பார்த்துச் சத்தமாகத் தூசணத்தில் ஏசினான். நாற்பது வயதில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அதுவே முதல்.

எண்பத்தாறு வைகாசியில் ஸம்ஸியா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். கைகள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தன. முதல் காரியமாக உம்மா அடங்கிய மையவாடிப் பக்கம் போய் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் அவன் சஞ்சிகையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். நடந்த எல்லாவற்றையும் சொன்னான். எழுதிய கடிதங்களின் நகல்களையும் காட்டினான். அவள் அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தாள். தன் பெயரை அவள் தேடவில்லை. இருபது நாள் கவி எங்கே என்று மட்டும் கேட்டாள். விளங்கவில்லை என்று விட்டுவிட்டார்களாம் என்றான்.

“அது விளங்காட்டி மத்ததெல்லாம் என்னத்துக்கு அடிச்சாங்க?” என்றாள். அவ்வளவுதான். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஏழு கவியையும் அவள் பெயரோடு தன் கையாலேயே கோத்து அச்சடிக்க ஹாஜியாரிடம் அனுமதி வாங்கியிருந்தான். ஸம்ஸியா மறுத்துவிட்டாள். உம்மாவோடு கதைத்ததைக் கடைத்தெருவில் கொடுக்க வேண்டாம் என்றாள். சரி, புதிதாகப் பாடு, அதை அடிப்போம் என்றான். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். ஆனால் நாட்கள் போகப் போக அவன் ஒன்றைக் கவனித்தான். நெல் புடைக்கிறாள், மீன் அரிகிறாள், றாஹிலாவுக்குத் தலை வாருகிறாள். வாயில் ஒரு கவி இல்லை. அவன் தாளும் பென்சிலுமாகக் குசினி வாசலில் வந்து உட்காருவான். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். எதற்காகப் பாடமாட்டேன் என்கிறாய் என்று ஒருநாள் அதட்டியே விட்டான்.

அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “மச்சான், அங்க எனக்கு ஒருத்தரும் இல்ல. கதைக்க ஆளில்லாம வாயில வந்தது அது. இஞ்ச நீங்க இரிக்கீங்க, புள்ள இரிக்கி. அதுக்கு மேல நீங்க பென்சிலோட குந்திக்கிட்டு வாயையே பார்த்தா எனக்கு எப்பிடி வரும்?”

“அப்ப தனிச்சிக் கிடந்தாத்தான் வருமா?”

“எனக்கெண்டாத் தெரியா. தனிச்சி இரிந்து பாடினதை விட, பாடாம உங்களோட சண்டை புடிக்கிறது நல்லா இரிக்கி.”

அவள் சொன்னது சந்தோஷமான செய்திதான். ஆனால் அதிலும் ஏதோ ஒன்று கைநழுவிப் போகிறதே என்ற எரிச்சலை அவனால் விழுங்க முடியவில்லை. நல்ல பாட்டு வேண்டுமானால் ஆள் தொலைவில் கிடந்து வேக வேண்டும், ஆள் வேண்டுமானால் பாட்டு இல்லை என்றால் இது என்ன நியாயம் என்று அவளிடமே கேட்டான். அவள் மீன்செதிலைக் கழுவி ஊற்றிவிட்டு, வாங்க கடலுக்குப் போவம், நாலு வருசமா நான் கடல்ல கால் நனைக்கல்ல என்றாள்.

காலை பத்து மணி வெயிலில் மூன்று பேரும் போனார்கள். கரைவலை இழுத்து முடிகிற நேரம். ஸம்ஸியா செருப்பைக் கழற்றி றாஹிலாவின் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு பெரிய அலை வந்து இடுப்புவரை நனைத்துத் தள்ளியது. விழுந்து எழும்பி, முக்காடு நழுவ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கடலைப் பார்த்து ஏதோ சொன்னாள். ராகத்தோடு சொன்னாள். அலை இரைச்சலில் அச்சிமுகம்மதுவுக்கு ‘உப்பு’ என்ற சொல் மட்டும் கேட்டது. பென்சில் வீட்டில் கிடந்தது. கையை வீசிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான்.

“என்ன சொன்ன? இப்பச் சொன்னதைத் திருப்பிச் சொல்லு புள்ள.”

“நான் என்ன சொன்னன்?”

“பாடினியே. உப்பு எண்டு வந்திச்சே.”

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் இல்லை. கரையில் நின்ற றாஹிலாவைக் கேட்டான். அவள் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இடுப்பில் ஒட்டிய நனைந்த சாரத்தோடு வீடு வருமட்டும் அச்சிமுகம்மது இருவரையும் மாறி மாறி ஏசிக்கொண்டே வந்தான். ஒரு மனிசி வாயில் வந்ததை மறக்கலாமா, கூட நின்ற பிள்ளை கவனிக்க வேண்டாமா என்று கேட்டான். ஸம்ஸியா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலையைப் பிழிந்து பிழிந்து, சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.